மூன்று தடவை ஏறிய லாரிகளும் தராசு அக்காவும்

ஒரு லாரியை ஒரே எடைமேடையில் மூன்று தடவை ஏற்றி இறக்கி எடை போட்ட மனிதன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏழு மாதம். வந்த லாரி ஒவ்வொன்றையும். 'லோடு லாரிகள் மூன்று முறை ஏறவும்' என்று மஞ்சள் பலகையில் சிவப்பு மையால் என் கைப்பட எழுதி வாசலில் மாட்டியிருந்தேன். 'மூன்று' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடும் இழுத்திருந்தேன்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில் என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, அந்த எடைமேடை சொந்தம். லாரி மேடையில் ஏறி நிற்கும். அறைக்குள் என் மேசைமேல் இருக்கும் ஒரு பெட்டி அதன் எடையைச் சிவப்பு எண்களில் காட்டும். பெட்டியின் முதுகிலிருந்து ஒரே ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும். நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த டுடோரியல் கல்லூரி, மாணவர்கள் எல்லாரும் பாஸாகிவிட்டதாலோ யாருமே பாஸாகாததாலோ மூடப்பட்ட பிறகு, மச்சான் என்னை அங்கே மேனேஜர் ஆக்கினார். தமிழில் எம்.ஏ. படித்தவன், ஐந்து இலக்க எண்ணையாவது படித்துவிடுவான் என்று நம்பியிருக்கிறார்.

கம்ப்யூட்டரில் மூன்று புரோகிராம்கள் இருந்தன. ஒன்று டிரைவருக்கு ரசீது அடிக்கும். இரண்டாவது, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிக்கு பர்மிட் சீட்டு கொடுக்கும். மூன்றாவது, கல்லை வாங்கும் சிமெண்ட் ஆலைக்காரர்கள் கொடுத்தது. எடையை அப்படியே ஆலைக்கு அனுப்பிவிடும். மூன்றுக்கும் வேண்டியது அதே எடைதான். ஆனால் எந்தப் புரோகிராம் ஒயரை முதலில் பிடிக்கிறதோ அது விடாது. கல்யாணப் பந்தியில் குழம்பு வாளியைத் தன் இலைக்குப் பக்கத்திலேயே இருத்திக்கொள்ளும் சம்பந்தி மாதிரி. மற்ற இரண்டும், 'ஒயர் வேறொருவர் பிடியில் உள்ளது' என்று திரையில் ஒரு வரி காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் எண்ணைக் கையால் தட்டிக் கொடுத்தால் வாங்காது. ஒயரில் வந்தால்தான் அதற்கு எடை.

சரி, ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கலாமே என்றால், திறக்கும்போது மேடை காலியாக இருக்க வேண்டும். பூஜ்யத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்தால்தான் அதற்கு வேலை ஓடும். ஆகவே லாரி ஏறும், நான் எடை எடுப்பேன், லாரி இறங்கும், நான் புரோகிராமை மாற்றுவேன், லாரி மறுபடி ஏறும். இப்படி மூன்று சுற்று.

"கல்லங்குறிச்சி பெருமாளே ஒரு சுத்தோட விட்டுடுறாரு சார். உங்க மேடைக்கு மூணு கேக்குதா?" என்றான் செல்வராசு. ஆலத்தியூர்ப் பக்கம் கல் லாரி ஓட்டுகிறவன். தினமும் இரண்டு நடை வருகிறவன் என்பதால் ஆறு சுற்று.

மூன்று தடவை போட்ட எடையும் ஒன்றாக இருந்திருந்தால் என் ராஜ்யம் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும். இருக்காது. செல்வராசுவோடு லாரியில் அவன் மாமா ஒருவர் வேலை ஏதுமின்றி வந்துபோவார். முதல் சுற்றில் லாரிக்குள் இருப்பார். இரண்டாவது சுற்றில் வடை தின்ன இறங்கிவிடுவார். எழுபது கிலோ போச்சு. மூன்றாவது சுற்றுக்குத் தானும் வந்து, பேச்சுத் துணைக்கு இன்னொருவரையும் ஏற்றிக்கொள்வார். ரசீதில் ஒரு எடை, பர்மிட்டில் ஒரு எடை, ஆலையின் திரையில் ஒரு எடை. ஆலை வாசலில் லாரியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவார்கள். இப்படிப் பல தடவை ஆன பிறகு, எண்கள் இனியும் ஒத்துவராவிட்டால் உங்கள் மேடையில் எடை போட்ட லாரிகளை உள்ளே விடமாட்டோம் என்று ஆலையிலிருந்து கடிதம் வந்தது.

மச்சான் கடிதத்தை என் மேசையில் வைத்தார். "மாப்ள, இன்னும் ஒரே ஒரு லாரி கேட்டுல நின்னுச்சுன்னா, நீங்க நிம்மதியா வூட்ல உக்காந்து புஸ்தகம் படிக்கலாங்க."

எனக்கு மிகவும் பிடித்த ஒரு காரியத்தைச் சொல்லி என்னை மிரட்டியவர் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான். ஐம்பத்திரண்டு வயது எனக்கு. தமிழ் எம்.ஏ.வை வேலைக்கு வைத்துக்கொள்ள இன்னொரு மச்சான் கிடையாது.

அந்த வாரத்தில்தான் மச்சான் கூப்பிட்டுத் தராசு அக்கா வந்தார்.

திருமானூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் டிபன் பாக்ஸ், ஸ்க்ரூ டிரைவர்கள், துண்டில் சுற்றிய லேப்டாப். அரிசி ஆலை, கரும்பு எடை போடும் இடம், மக்காச்சோளக் குடோன் என்று எங்கே எடைப்பெட்டி மக்கர் செய்தாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். நூல் மில்லில் பல வருஷம் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். இரகசியம் பேசும் அளவுக்குச் சிறிய குரல் ஒன்று மனிதர்களுக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாது.

முதல் நாள் அவர் உடனே உள்ளே வரவில்லை. கூடையோடு வாசலில் நின்று செல்வராசுவின் லாரி இரண்டாம் தடவை ஏறுவதைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, வண்டி ஓட்டப் பழகுறியா?"

"எடை போடுறேங்க்கா."

"இப்பத்தானே போட்ட?"

"அது மொத எடை. இது ரெண்டாவது. பலகையப் பாருங்க."

அக்கா பலகையைச் சத்தமாக வாசித்தார். பிறகு உள்ளே வந்தார்.

"சார், பலகை நீங்க எழுதுனதா?"

"ஆமாம்."

"கோடு?"

"அதுவும்தான்."

"எழுத்து நல்லாருக்கு சார்" என்றார். என் படிப்பைப் பற்றி அந்த மேடையில் யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

கோளாறு என்ன என்று கேட்டேன். "இருங்க, எல்லாரும் வரட்டும். நான் ஒரு தடவதான் சொல்லுவேன்" என்றார். அதுதான் அக்கா. எனக்கு மட்டும், உங்களுக்கு மட்டும், தனியாக, காதோடு காதாக என்ற வகைச் சொற்கள் எதுவும் அவர் அகராதியில் கிடையாது. எதைச் சொன்னாலும் இருக்கிற எல்லாரையும் வைத்துக்கொண்டு ஒரே தடவை சொல்வார். விட்டுப்போனவன் மறுபடி கேட்டால், "நான் என்ன டேப் ரிக்கார்டரா?" என்பார். ஒரு முறுக்கு கொடுத்தால்கூட நின்றவர்களை எண்ணி அத்தனை துண்டாக உடைத்த பிறகுதான் வாயில் போடுவார். பெரும்பாலும் அவருக்கு வருவது தூள்.

டிரைவர்கள் நாலு பேர், செல்வராசுவின் மாமா, நான் எல்லாரும் கூடினோம்.

"பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல திருச்சி பஸ் எங்க நிக்குதுன்னு தெரியணும். முந்நூறு பேரு நிக்கிறான். ஒவ்வொருத்தனும் ஆபீஸ் ரூமுக்குள்ள பூந்து, அங்க இருக்கிற ஆளு சட்டையப் புடிச்சுக்கிட்டு, எனக்குச் சொல்லி முடிச்சாத்தான் விடுவேன்னு நின்னா என்னாவும்? அதுக்குத்தான் மைக்கு. அவன் ஒரு தடவ சொல்றான், வேணுங்கிறவன் கேட்டுக்கிறான். இங்க மூணு புரோகிராமும் மாத்தி மாத்திப் பொட்டி சட்டையப் புடிக்குது. நடுவுல மைக்கு இல்ல. அதான் கோளாறு."

"மைக் நம்மிடம் இருக்கிறதே" என்றேன்.

அக்கா கூடைக்குள் கையை விட்டார். "நெசமான மைக்கு இல்ல சார். அதுவும் ஒரு புரோகிராமு."

பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். அந்தச் சின்னப் புரோகிராம் நடுவில் உட்கார்ந்து, ஒயரைத் தான் மட்டும் பிடித்துக்கொள்ளும். பெட்டி சொல்லும் எண்ணைக் கேட்டு, மற்ற மூன்றுக்கும் ஆளுக்கொரு பொய் ஒயர் வழியாக அப்படியே சொல்லும். "ஒவ்வொண்ணுக்கும் நெச ஒயரு தங்கிட்டத்தான் இருக்குன்னு நெனப்பு. நெனச்சுட்டுப் போவட்டும்" என்றார். இன்னொரு ஏற்பாடும் செய்தார். எத்தனை புரோகிராம் வேண்டுமானாலும் கேட்கலாம். பெட்டியிடம் திருப்பிப் பேசும் உரிமை, பூஜ்யம் ஆக்கு என்று சொல்லும் உரிமை, ஒன்றுக்குத்தான். எல்லாரும் பேசினால் பெட்டி யார் சொல்வதைக் கேட்கும்? எங்கள் வீட்டிலும் ஏற்பாடு அதுதான் என்பதால் எனக்கு இது உடனே விளங்கியது.

செல்வராசு லாரியை ஏற்றினான். திரையில் மூன்று புரோகிராமும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. மூன்றிலும் ஒரே நொடியில் ஒரே எண் வந்து நின்றது. மாமா வடைக்கு இறங்கினார். மூன்றிலும் ஒன்றாக எழுபது குறைந்தது. டிரைவர்கள் கை தட்டினார்கள். ஏழு மாதம் லாரிகளைச் சுற்றவிட்ட நானும் தட்டினேன்.

அக்கா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். லாரி நம்பரைக் கூப்பிட எங்களிடம் நெசமான மைக் ஒன்று இருந்தது. அதை எடுத்து, சாலையில் வரிசையில் நின்ற லாரிகளுக்கெல்லாம் கேட்கும்படி அறிவித்தார்: "டிரைவருங்க கவனிங்க. இனிமே ஒரு தடவ ஏறுனா போதும். இத்தன நாளா மூணு தடவ ஏறுனது தேவையே இல்ல. அது மேனேஜர் சாரோட சொந்த யோசனை."

அதற்குப் பிறகு ஒரு லாரியும் ஆலை வாசலில் நிற்கவில்லை. என் வேலை தப்பியது. நன்றியுணர்ச்சியில் அக்காவிடம் மனம்விட்டுப் பேசும் தப்பைச் செய்தேன். வீட்டில் சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை அக்கா பெட்டியைச் சரிபார்க்க வந்த அன்று காலை அதில் இருநூற்று எண்பத்தாறு காட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும், "உங்களோடு இருக்கட்டும்" என்று சொல்லிச் சொன்னேன். சாயங்காலம் டீக்கடைக்காரர் என் டீயில் சர்க்கரை போடவில்லை. மச்சான் போன் செய்து, "இருநூத்தி எம்பத்தாறாமே மாப்ள" என்றார். வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே, "இருநூத்து எம்பத்தாறு" என்றாள். வணக்கம் சொல்வதுபோல. செல்வராசுவின் மாமா பாகற்காய் கொடுத்தனுப்பியிருந்தார். நான் கவனித்த ஒரே விஷயம், எங்கேயும் ஒரு எண்கூடக் கூடவில்லை, குறையவில்லை. அக்காவின் கையால் போனது எல்லாருக்கும் ஒரே அளவாகத்தான் போகும்.

செல்வராசுவுக்கு நடந்தது இன்னும் மோசம். பெரம்பலூரில் ஒரு பெண், ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு பெண் என்று ஒரே மாதத்தில் இரண்டு இடம் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் பிடித்திருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தான். எதை முடிப்பது என்று அக்காவிடம் யோசனை கேட்டான். அக்கா இரண்டு வீட்டையும் ஒரே போனில் சேர்த்துக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"ஏன்க்கா இப்புடிப் பண்ணுன?" என்று செல்வராசு கிட்டத்தட்ட அழுதான்.

"ஒரு வூட்டுக்கு ஒண்ணு, இன்னொரு வூட்டுக்கு ஒண்ணுன்னு சொல்ல எனக்கு ஞாபகசக்தி பத்தாதுப்பா."

இரண்டு இடமும் கலைந்தது. செல்வராசு மூன்று மாதம் அக்காவோடு பேசவில்லை. மூன்றாவதாக ஒரு பெண் பார்த்தபோது அவனே அக்காவை முன்கூட்டி அனுப்பி, தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு வரச் சொன்னான். நான் மட்டும் அன்றிலிருந்து அக்கா வந்தால் வாயை மூடிக்கொண்டு, கேட்பது மட்டும் என் வேலை என்று இருந்தேன்.

இருந்திருப்பேன். மச்சான் விடவில்லை.

அவருடைய நண்பர் ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு லாரிகள் உண்டு. எல்லாவற்றிலும் அனுமதித்த அளவுக்கு மேல் இரண்டு டன் ஏற்றுவார். அளவுக்கு மேல் போனால் பர்மிட் புரோகிராம் சீட்டு தராது. மச்சான் ஒரு நாள் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, அந்தம்மா மூணுக்கும் தனித்தனியா ஒயர் மாதிரி பண்ணிருக்குன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாங்க மச்சான்."

"அப்ப பர்மிட்டுக்குப் போறதுல மட்டும் ரெண்டு டன்னு குறைச்சுச் சொல்லச் சொல்லுங்க. நைசா கேளுங்க."

"நானா?"

"நீங்கதானே படிச்சவரு."

"அவர் முடியாதுன்னு சொல்லிட்டா?"

மச்சான் என் மேசைமேல் கிடந்த புத்தகத்தை எடுத்து, எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்.

அடுத்த தடவை அக்கா வந்தபோது அறைக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கம் அவரைத் தனியாக அழைத்துப்போனேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சம்பழச் சோறு தின்றுகொண்டிருந்தார். நான் தொடங்கினேன். உண்மை என்பது பார்ப்பவனைப் பொறுத்தது என்றேன். எடை என்பதே ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவதுதானே, தனக்கென்று ஒரு எடை எதற்கு இருக்கிறது என்றேன். டுடோரியலில்கூட இவ்வளவு நன்றாக நான் வகுப்பெடுத்ததில்லை. சோறு தீர்ந்தது.

"எத்தன டன்னு சார் குறைக்கணும்?"

"இரண்டு."

"எதுக்கு மட்டும்?"

"பர்மிட்டுக்கு."

அக்கா கை கழுவினார். "இருங்க. எல்லாரும் வரட்டும்."

 அக்கா அறைக்குள் போய் மைக்கில் எல்லாரையும் கூப்பிட்டார். டிரைவர்கள் வந்தார்கள். டீக்கடைக்காரர் வந்தார். வாசலில் காரை விட்டு இறங்கிய மச்சானும் என்னவோ ஏதோ என்று வந்து நின்றார்.

"சார் ஒரு சந்தேகம் கேட்டாரு" என்றார் அக்கா. "பர்மிட்டுக்குப் போற எடைய மட்டும் ரெண்டு டன்னு குறைச்சுக் காட்ட முடியுமான்னு. முடியும். ஒரு வரி எழுதுனா போதும். நாளைக்கு அந்த லாரி பிரேக்கு புடிக்காம எங்கயாச்சும் போயி ஏறுச்சுன்னா, பர்மிட்டப் பாப்பான். லோடு சரியாத்தான் இருக்கு, தப்பு டிரைவரு மேலன்னு எழுதுவான். செல்வராசு, உனக்குச் சம்மதமா?"

"சாவப்போறவன்ட்டயாக்கா சம்மதம் கேப்பாங்க?" என்றான் செல்வராசு. 

அக்கா திரும்பினார். "மொதலாளி, உங்களுக்கு?"

மச்சான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான் ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றார். பிறகு என்னை ஆச்சரியமாகப் பார்த்து, "என்ன மாப்ள, உங்களுக்கு ஏன் இப்புடியெல்லாம் புத்தி போவுது?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். நான் சொல்லவில்லை. பிற்காலத்தில் அந்த மௌனத்துக்குத் தியாகம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். அப்போது அதன் பெயர் வேறு.

இரண்டு நாள் கழித்து அக்கா மறுபடி வந்தார். ஏதோ மூடிப்போன அரிசி ஆலையில் கிடந்ததாம், ஓர் ஆள் நீளத்துக்குப் பெரிய மின் எண் பெட்டி. அதைச் சரிசெய்து, எங்கள் கூரைமேல் சாலையைப் பார்த்தமாதிரி செல்வராசுவை விட்டு மாட்டவைத்தார். நடுவில் உட்கார்ந்திருந்த புரோகிராமிடம், நாலாவதாக ஒருவரும் கேட்கிறார் என்று சொல்லிவைத்தார். அவ்வளவுதான் வேலை. லாரி ஏறியதும் ஒரு முழ உயரச் சிவப்பு எண்கள் எரிந்தன. போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் வாய்விட்டுப் படித்தார்கள்.

"இனிமே யாருக்கும் தனியாச் சொல்ல வேணாம் சார்" என்றார் அக்கா. வேண்டாம் என்று சொல்ல மச்சானுக்கு வழியில்லை. அவர்தான் எதுவுமே கேட்கவில்லையே.

நண்பரின் லாரிகள் அதன் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அடுத்த மாதம் மச்சான் என்னைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "நீங்க ரெஸ்ட் எடுங்க மாப்ள" என்றார்.

அக்காவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மகள் வீட்டோடு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டதாகச் செல்வராசு சொன்னான். மகள் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். என் போனில் அவர் நம்பர் 'தராசு' என்றுதான் இருக்கிறது. பெயரைக் கேட்டதில்லை. எங்கள் எல்லாருடைய சங்கதியையும் எல்லாருக்கும் சொன்ன அந்த அம்மாவிடமிருந்து அவரைப் பற்றி ஒரு எண்கூட எங்களுக்கு வந்து சேரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எல்லாம் தானாக வரும் என்று பழகிவிட்டது.

வேலை போன கதையை மட்டும் நான் விடவில்லை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று போன இடத்திலெல்லாம், இரண்டு டன் பொய்க்கு உடன்படாததால் வேலையை இழந்தவன் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல அக்கா கதையில் சிறுத்துக்கொண்டே போனார். கடைசியில் ஒயர் மாட்ட வந்த ஒரு பெண் ஆனார். மைக்கைப் பிடித்தவன் நானாகிவிட்டேன். இரண்டு வருஷம் நல்ல மரியாதை கிடைத்தது.

சென்ற மாதம் பெரம்பலூரில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரரான ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியரிடம் இதை விவரித்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியமாதிரிகூட இருந்தது. அவருக்கு அந்தப் பக்கத்து இலையிலிருந்து மச்சான் எட்டிப் பார்த்தார்.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றார் தலைமையாசிரியரிடம். "ஆலைக்காரங்களுக்கு கூரைமேல எரியுற அந்த எண்ணு புடிச்சுப்போயி இப்ப எல்லா லாரியும் எங்ககிட்டதான் வருது. அந்தம்மா நல்லாயிருக்கணும். எடை மூணுக்கும் தானாப் போவுது, ரோட்டுல போற பஸ்ஸுக்கே தெரியுது. அப்புறம் பொட்டியப் பாத்துச் சொல்ல ஒரு ஆளு எதுக்கு? அதான் மாப்ளைய நிறுத்துனேன்."